வீரணன் எந்த ஊர்ப் பிள்ளை?

பூசாரி சின்னச்சாமி கோயிலுக்குள் மல்லாந்து கிடந்தார். முதலில் பார்த்தவர் கல்லூத்துப்பட்டி நாட்டாண்மை தங்கபாண்டி. மறுநாள் விழாவுக்குப் பந்தல் போட இடம் பார்க்கலாம் என்று காலையிலேயே வந்தவர், கதவு சாத்தாமல் இருப்பதைக் கண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஐயையோ, வீரணன் மொகம் போச்சே!" என்பதுதான். கீழே ஓர் ஆள் செத்துக் கிடப்பது அதற்கப்புறம்தான் அவர் கண்ணில் பட்டது. பிற்பாடு அவரே வெட்கப்பட்டுக்கொண்டு இதை ஒப்புக்கொண்டார்.

அது 1934-ஆம் வருஷம், பங்குனி மாதம். சப்-இன்ஸ்பெக்டர் செல்வமணி சைக்கிளில் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பதரை. போடி பஜாரில் ஜவுளி வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை அவர். கடையில் உட்கார்ந்து துணி கிழிக்கப் பிடிக்காமல் போலீசில் சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். அவருக்கு முன்னாலேயே வந்துவிட்ட ஏட்டு பேச்சிமுத்து சட்டையெல்லாம் வியர்வையும் முகமெல்லாம் சிரிப்புமாக எதிர்கொண்டார்.

"அய்யா, கேஸ் முடிஞ்சிருச்சு. ஆளும் கெடச்சாச்சு, சாமானும் கெடச்சாச்சு."

"அப்படியா? முதலில் செத்தவரைப் பார்ப்போம்."

தேவாரத்துக்கு மேற்கே, மலையேறும் தடத்தின் அடியில் தனியாக நின்றது அந்தக் கோயில். ஒரே அறை. பூசாரியின் பின்மண்டை பீடத்தின் கல் விளிம்பில் மோதிப் பிளந்திருந்தது. விளிம்பில் ரத்தம் உறைந்திருந்தது. ஆனால் தலை தரையில் கிடக்கவில்லை. அவருடைய துண்டையே நான்காக மடித்துத் தலைக்கு அணையாக வைத்திருந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. செல்வமணி அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கில் எண்ணெய் ஊற்றியிருந்தது, புதுத் திரியும் போட்டிருந்தது. ஆனால் திரி கருகவில்லை. மாலை விளக்கேற்றுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

பீடத்தின் மேல் நின்ற வீரணன் சிலை இடுப்பளவு உயரக் கருங்கல். அடியில் வெந்நீர்ச் சட்டியும், புளிச்சக்கையும் சீயக்காயும் கலந்த கறுப்புக் கசடும் கிடந்தன. தலைமுறை தலைமுறையாக ஏறிய எண்ணெயும் புகையும் சந்தனமும் போய், கல் நேற்றுச் செதுக்கியதைப் போலத் துலங்கியது. அகன்ற நெற்றி, ஒட்டிய கன்னம், தலையில் உருமால். மூக்கு மட்டும் இல்லை. நுனியும் வலது பக்கமும் ஒரே அடியில் தெறித்திருந்தன. பக்கத்தில் தேங்காய் உடைக்கும் அரிவாள் கிடந்தது. அதன் முதுகில் கல் தூள் ஒட்டியிருந்தது.

செல்வமணி மண்டியிட்டுத் தரை முழுக்கக் கையால் துழாவினார். கல் தூள் கிடைத்தது. உடைந்த துண்டு கிடைக்கவில்லை. பிறகு சிலையின் முகத்தைத் தடவினார். உடைந்த இடத்தின் ஓரத்தில், மிஞ்சி நின்ற கல்லில், ஊசிப் பருமனுக்கு வழவழப்பான ஒரு பள்ளம் விரலில் தட்டுப்பட்டது. அதைப் பெரிதாக எண்ணாமல் எழுந்துவிட்டார். அங்கேதான் அவர் காலையை வீணாக்கினார் என்று சொல்ல வேண்டும்.

"சாமான்னு சொன்னீரே, என்னது?"

"சாமி இடுப்புல கெடந்த வெள்ளி அரைஞாண். ஒச்சாண்டி வீட்டுச் சோளத்தட்டைப் படப்புல கெடந்துச்சு. தேடவே வேண்டியதில்லங்கய்யா. படப்புக்கு மேலயே பளபளன்னு கெடந்துச்சு. வண்டித்தடத்துல நின்னே பாத்துட்டேன்."

"மேலயேவா?"

"ஆமாங்கய்யா," என்றார் ஏட்டு, பெருமையாக.

வீரணன் யார் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் யாரையும் கேட்பதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் யானைத்தடத்தையும் ஓடைத்தடத்தையும் பிடித்துக்கொண்டு மலையேறி, ஏலக்காட்டைத் தாண்டி, மேற்குக் கடல் வரைக்கும் வழி கண்டவன். அதோடு சும்மா இருந்தானா? வெள்ளைக்காரச் சர்வே கூட்டத்தோடு கப்பலேறி எங்கெங்கேயோ போய்வந்து, கடைசியில் இந்த மலையடியிலேயே கண்ணை மூடினான். அவனோடு மலையேறிய ஆட்கள் தங்கள் கண்ணெதிரில் நின்று செதுக்க வைத்த சிலை அது. முகம் அச்சு அவன்தான் என்று கும்மிப்பாட்டு சொல்லும்.

செத்த இடத்தில் தகராறு இல்லை. பிறந்த இடத்தில்தான் வில்லங்கம். கடமலைக்குண்டுக்காரர்கள் அவன் வருசநாட்டு மலையில் பிறந்தவன் என்றார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளிகள், அவன் எங்கள் ஆள், பிழைக்க இறங்கி வந்தவன் என்றார்கள். ராயப்பன்பட்டியில் ஒருவர் அவன் ஞானஸ்நானம் பெற்றவன், பிறந்ததும் தங்கள் ஊரில்தான் என்று அடித்துச் சொன்னார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

உண்மையான போட்டி இரண்டே ஊருக்குத்தான். தகப்பன் ஊர் கல்லூத்துப்பட்டி, தாய் பிறந்த ஊர் வெள்ளைக்கரடு. இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இவன் பிறந்தது எதில்? தேவாரத்தில் வாத்தியாராகத் தொடங்கி, போடியில் பள்ளிக்கூடத் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பலவேசம் பன்னிரண்டு வருஷம் அலைந்து அதற்கு ஒரு முடிவு கண்டு புத்தகமும் போட்டார். கும்மிப்பாட்டில் வீரணனுக்கு ஒரு தங்கை உண்டு. அவனுக்கு மூத்தவர் என்று யாரும் இல்லை. ஆகவே அவன் தலைப்பிள்ளை. தலைப்பிரசவம் எப்போதும் தாய் வீட்டில்தான். ஆகவே வீரணன் பிறந்தது வெள்ளைக்கரட்டில். கல்லூத்துப்பட்டிக்காரர்களிடம் இதற்குப் பதில் இல்லை. உரக்கப் பேசுவது ஒன்றுதான் அவர்களால் முடிந்தது.

வெறும் வீம்புச் சண்டையாக இருந்தது அந்த வருஷம் வில்லங்கமாகிவிட்டது. மலைக்குப் புது ரோடு போடப் போகிறார்கள், வீரணன் பிறந்த ஊரிலிருந்துதான் ரோடு தொடங்கும், நினைவுக்கல்லும் அங்கேதான் என்று பேச்சு வந்தது. முடிவு செய்யும் கமிட்டி மறுநாள் வருவதாக இருந்தது. சிலையைப் படம் பிடிக்கக் காமிராவோடு வருகிறார்கள் என்றுதான் பூசாரி அதைக் கல் தெரியத் தேய்க்கத் தொடங்கினார். அதுவரை வருஷத்துக்கு ஒரு முறை மேலாக எண்ணெய் துடைப்பதோடு சரி.

ஒச்சாண்டியைக் கோயில் வாசல் கல்தூணில் சங்கிலியோடு கட்டியிருந்தார்கள். முப்பது வயதிருக்கும். ஒடிசலான ஆள். வலது மூக்கில் எப்போதோ குத்திய துளை தூர்ந்துபோய்ப் புள்ளியாகத் தெரிந்தது. அவன் குடும்பம் ரேகைச் சட்டத்தில் பதிவான குடும்பம். பிறந்த பிறப்பையே குற்றமாக எழுதிவைத்த சட்டம் அது. பொழுது விழுந்தால் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். அப்படிப்பட்டவனை நாளைக் காலை கோர்ட்டில் நிறுத்தினால் மாஜிஸ்திரேட் தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கொலைக்குத் தூக்கு.

"நேற்று இங்கே வந்தியா?"

"வந்தேன் சாமி. வெறகும் தண்ணியும் கொண்டாந்து போட்டேன். பூசாரி வெந்நி வச்சுத் தேச்சாரு."

"முகத்தையும் தேய்ச்சாரா?"

"இல்ல சாமி. காலுலருந்து நெஞ்சு மட்டும் தேச்சாரு. மொகத்துல கைய வைக்கல. ஒருத்தரு வர்றேன்னுருக்காக, அவுக வந்தப்பறந்தான் மொகத்தத் தொறக்கணும்னாரு."

"யார் வர்றதா?"

"பேரு சொல்லல சாமி."

"நீ எப்போ கிளம்பின?"

"வெயிலு சாஞ்சதும் கெளம்பிட்டேன். பொழுதோட ஸ்டேசனுக்குப் போயி ரேகை வைக்கணும்ல. வச்சேன்."

"வச்சான்யா," என்று ஏட்டு குறுக்கிட்டார். "இங்கன வேலைய முடிச்சுட்டு வந்துதான் வச்சிருக்கான்."

செல்வமணி அவரைப் பார்த்த பார்வையில் ஏட்டு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அடுத்து நாட்டாண்மை.

"பூசாரிக்கும் உங்களுக்கும் போன மாசம் சண்டையாமே?"

"சண்டையில்லய்யா, மனத்தாங்கல். வீரணன் எங்க ஊருலதான் பொறந்தான்னு கமிட்டிக்கு முன்னால சத்தியம் பண்ணச் சொன்னேன். 'எனக்குத் தெரியாதத எப்பிடிய்யா சத்தியம் பண்ணுவேன்'னாரு. ஒரு வாரம் பேசல. அவ்வளவுதான்."

"நேற்றுச் சாயங்காலம் எங்கே இருந்தீங்க?"

"தேவாரம் சந்தையில. மாடு பாக்கப் போனேன். ஊரே பாத்துச்சு." சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் திரும்பினார். "அந்த மொகத்த ஒடைக்க எனக்குக் கை வருமாய்யா? எங்க ஊரு புள்ள மொகம்யா அது."

வெள்ளைக்கரட்டில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரி கஸ்தூரியம்மாள். கூட்டுவண்டியில் வந்து இறங்கினார். கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு.

"ரோடு எங்க ஊருக்கு வந்தா எனக்கு நல்லதுதான். இல்லன்னு சொல்லல. அதுக்காகச் சாமி மூக்க ஒடைப்பனா? நாளைக்கு வர்ற அதிகாரிக எங்களத்தான் சந்தேகப்படுவாக. இந்தக் காரியம் பண்ணுனவன் எங்களுக்கும் சேத்துத்தான் குழி வெட்டியிருக்கான்."

"ஏன் மூக்கை மட்டும் உடைக்கணும்?"

"அத ஒடச்சவன்கிட்டக் கேளுங்க."

பலவேசம் வாத்தியார் கோயிலுக்கு எதிரே புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். விழாவுக்காக முதல் நாளே வந்து வெள்ளைக்கரட்டில் தங்கியிருந்தார். செய்தி கேட்டு நடந்தே வந்தாராம். நரைத்த தலை, வெள்ளை வேட்டி, மூக்கின் கீழே எப்போதும் இருக்கும் பொடிக்கறை. ஓய்வு பெற்றபோது பிள்ளைகள் கொடுத்த வெள்ளிப் பொடிடப்பா கைக்குள் இருந்தது. அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சின்னச்சாமி நல்ல மனுசன். எனக்குச் சிநேகிதம்," என்றார். கண்கள் சிவந்திருந்தன. பொய்யான அழுகை இல்லை அது.

"நேற்று அவரைப் பார்த்தீங்களா?"

"இல்ல. உடம்பு அசதி. வெள்ளைக்கரட்டுலயே படுத்துட்டேன்."

"உங்க புத்தகத்தைப் படிச்சேன். தலைப்பிள்ளைங்கிற வாதம் பலமான வாதம்."

வாத்தியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அதெல்லாம் இப்ப எதுக்கு? ஓர் உசுரு போயிருக்கு. எந்த ஊருல பொறந்தா என்ன?" என்றார். பிறகு ஏட்டு பக்கம் திரும்பி, "ஒரு சிட்டிகை பொடி இருக்குமா பேச்சிமுத்து?" என்று கேட்டார்.

ஏட்டு மடியிலிருந்து பொடிமட்டையை எடுத்துக் கொடுத்தார். வாத்தியார் ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ஏட்டு முணுமுணுத்தார்: "கையில வெள்ளி டப்பாவ வச்சுக்கிட்டு எங்கிட்டக் கேக்குறாரு. பெரிய மனுசனுகளுக்கு ஓசிப்பொடின்னா தனி ருசிபோல."

செல்வமணி சிரிக்கவில்லை. கோயில் வாசலில் நின்று யோசித்தார். திருட வந்தவன் மூக்கை ஏன் உடைக்க வேண்டும்? கோபத்தில் உடைத்தவன் ஒரே அடியோடு ஏன் நிறுத்த வேண்டும்? உடைந்த துண்டை யார் பொறுக்கிக்கொண்டு போவார்கள்? கொன்றவன் செத்தவன் தலைக்கு ஏன் அணை வைக்க வேண்டும்?

ஒன்றும் ஓடவில்லை. மத்தியானம் தாண்டியது. மறுநாள் கோர்ட்டுக்கு அனுப்பும் காகிதத்தில் கையெழுத்து வாங்க ஏட்டு வந்து நின்றார்.

அப்போதுதான் ராக்கம்மாள் வந்தாள். காலையிலிருந்து வெயிலில் தூரத்தில் நின்றுகொண்டிருந்த ஒச்சாண்டியின் தாய். ஏட்டு தடுத்ததையும் மீறி வந்து செல்வமணியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுது தீர்ந்த குரலில் பேசினாள்.

"சாமி, நாலு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ நான். அஞ்சாவதா இவன் பொறந்தான். எமன் கண்ணுக்குப் பொட்டப்புள்ளையாத் தெரியட்டும்னு மூக்கக் குத்தி வளையம் போட்டு, குப்பையில உருட்டி, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தவுட்டுக்கு வித்துத் திரும்ப வாங்குனேன். அப்பிடி எமனுகிட்ட மறச்சு வச்ச புள்ளைய, சர்க்காருகிட்ட மறைக்க முடியலையே சாமி. அவன் இத்தினி நாளுல ஒரு கோழிக்குஞ்சக்கூடத் திருடுனதில்ல. இந்த ஒண்ணையாச்சும் விட்டுருங்க."

செல்வமணி அவளைப் பார்த்தார். பிறகு ஒச்சாண்டியின் முகத்தைப் பார்த்தார். வலது மூக்கில் அந்தப் புள்ளி.

"எழுந்திரும்மா," என்றார். "ஏட்டு, காகிதத்தைக் கிழிச்சுப் போடும்."

கோயிலுக்குள் போய்ச் சிலையின் முகத்தருகே தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தார். காலையில் விரலில் தட்டிய அந்தப் பள்ளம் உடைந்ததால் வந்ததில்லை. உளியால் வட்டமாகக் குடைந்தது. பாதி வட்டம் இங்கே இருந்தது. மறு பாதி, தெறித்த துண்டோடு போயிருந்தது.

வெளியே வந்து எல்லோரையும் புளியமரத்தடியில் கூட்டச் சொன்னார். கூட்டம் சேர்ந்ததும் நேராகப் பலவேசத்திடம் போனார்.

"வாத்தியாரய்யா, ஒரு சிட்டிகை பொடி கொடுங்க."

ஏட்டு திகைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் பொடி போட்டு அவர் பார்த்ததேயில்லை.

"தீந்துபோச்சு," என்றார் வாத்தியார். டப்பாவைச் சுற்றியிருந்த விரல்கள் இறுகின.

"பரவாயில்லை. டப்பாவைக் கொடுங்க."

செல்வமணி கையை நீட்டியபடியே நின்றார். பிறகு வாத்தியாரே மூடியைத் திறந்தார். பொடி இல்லை. உள்ளே வேட்டிக்கிழிசலில் பொதிந்த ஒரு கல் துண்டு, கொட்டைப்பாக்கு அளவில். ஒரு பக்கம் மழமழவென்று மூக்கின் வளைவு. மறு பக்கம் புதிதாக உடைந்த சொரசொரப்பு. அதன் ஓரத்தில் ஓர் அரைவட்டப் பள்ளம்.

"இதென்னய்யா?" என்றார் தங்கபாண்டி.

"வீரணனுடைய மூக்கு. மூக்குக் குத்தியிருந்த மூக்கு." செல்வமணி அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "ஆம்பிளைப் பிள்ளைக்கு எப்போ மூக்குக் குத்துவீங்க? சொல்லுங்க நாட்டாண்மை."

தங்கபாண்டிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "முன்னால பொறந்ததெல்லாம் தங்காமப் போனா..." என்று ஆரம்பித்தவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதேதான். வீரணனுக்கு முன்னால் பிறந்து செத்த பிள்ளைகள் உண்டு. பாட்டில் அவங்க இல்லை. இருந்த பிள்ளைகளைத்தான் பாட்டு பாடியது, வாத்தியாரும் அதைத்தான் எண்ணினார். தாய் வீட்டில் பிறந்தது தலைப்பிள்ளை, அது செத்துப்போச்சு. அடுத்த பிரசவமெல்லாம் புருஷன் வீட்டில்தான். வீரணன் தலைப்பிள்ளை இல்லை. அவன் பிறந்தது தகப்பன் ஊரில். சிலையைக் கல் தெரியத் தேய்த்தால் பார்த்த மாத்திரத்தில் இந்த ஊரில் யாருக்கும் இது புரிந்துபோகும். அது வரைக்கும் அந்தத் துளையை எண்ணெய் அடைத்திருந்தது."

கஸ்தூரியம்மாள் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன், அந்தம்மாவுக்குந்தான் இதுல லாபம்?" என்றார் ஏட்டு மெதுவாக.

"உண்டு. ஆனால் முகம் துலங்கும் வரை உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. முகத்தைத் திறக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்தவருக்குத்தான் தெரியும். பூசாரி யாருக்காகக் காத்திருந்தார்? அந்த முகத்தைப் பார்க்கப் பன்னிரண்டு வருஷமா ஏங்கினவர் ஒருத்தர்தான். அப்படிப்பட்டவர் இன்றைக்குக் காலையிலிருந்து இந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறார். பத்தடி தூரத்தில் முகம் துலங்கி நிற்கிறது. ஒரு தரம்கூட உள்ளே போய்ப் பார்க்கவில்லை. என்ன உடைந்தது என்று கேட்கவுமில்லை. தலைப்பிள்ளை வாதத்தைப் புகழ்ந்தால், அதெல்லாம் இப்ப எதுக்கு என்கிறார். கையில் டப்பாவை வைத்துக்கொண்டு ஏட்டிடம் பொடி கேட்கிறார். திருடனாக இருந்தால் இந்தத் துண்டை ஓடையில் எறிந்திருப்பான். இவருக்கு எறிய மனசு வரவில்லை. வீரணன் முகத்தில் ஒரு பொட்டைக்கூட இவரால் எறிய முடியாது. வேறு மறைவிடமும் கிடைக்கவில்லை."

பலவேசம் டப்பாவைத் தரையில் வைத்தார்.

"தள்ளணும்னு தள்ளலய்யா," என்றார். "சின்னச்சாமி தொடைக்கத் தொடைக்க மொகம் வந்துச்சு. எனக்குச் சந்தோசத்துல அழுகை வந்துருச்சு. அப்பறம் அந்தத் துளை வந்துச்சு. அவருதான் மொதல்லச் சொன்னாரு. 'வாத்தியாரே, இது மூக்குக் குத்துன புள்ளைபோல'ன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. பன்னெண்டு வருசம்யா. பென்சன் காச பூராவும் அதுலதான் போட்டேன். நாளைக்குக் கமிட்டி முன்னால நிக்கணும். என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல, அருவா கையில இருந்துச்சு. ஒடச்சுட்டேன். அவரு வந்து கையப் புடிச்சாரு. ஒதறுனேன். விழுந்தாரு." தன் இரண்டு கையையும் பார்த்தார். "தூக்கி மடியில வச்சுப் பாத்தேன். மூச்சு இல்ல. துண்ட மடிச்சுத் தலைக்கு வச்சேன்."

கூட்டத்தில் யாரோ 'த்சொ த்சொ' என்றார்கள். செல்வமணிக்கும் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அவர் விடவில்லை.

"கை உதறினது வேண்டுமென்று செய்யாததாக இருக்கலாம். கோர்ட்டில் சொல்லுங்க, கேட்பாங்க. அரைஞாண்?"

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சிலையிலிருந்து அதைக் கழற்ற நிதானம் வேணும். வண்டித்தடத்தில் நடந்து போகணும். எத்தனை வீட்டைத் தாண்டி அந்தப் படப்பை வந்து சேர்ந்தீங்க? யார் வீட்டில் கிடந்தால் போலீஸ் மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்காதென்று உங்களுக்குத் தெரியும். திருடினவன் தட்டைக்குள்ளே சொருகியிருப்பான். நீங்க எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று மேலே எறிஞ்சீங்க. அவன் உங்க பள்ளிக்கூடத்திலே படிச்சவன்தானே?"

"ரெண்டாங்கிளாசு மட்டும்," என்றான் ஒச்சாண்டி. சங்கிலியோடு நின்ற அவன் குரலில் கோபம்கூட இல்லை. "மூக்குக் குத்துனவன்னு பயலுக கேலி பண்ணுவானுக. வாத்தியாரய்யாதான் அதட்டுவாக."

பலவேசம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஏட்டு சாவியை எடுத்து ஒச்சாண்டியின் சங்கிலியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கடா" என்று சொல்ல வாயெடுத்து, அத்தனை பேர் முன்னால் வராமல், அவன் தோளில் ஒட்டியிருந்த தட்டைத் தூசியைத் தட்டிவிட்டார்.

தங்கபாண்டியின் ஆட்களில் ஒருவன், "அப்ப வீரணன் நம்ம ஊருதான்! கொட்டடிக்கச் சொல்லவா?" என்று கேட்டான். நாட்டாண்மை அவனை ஓர் அறை அறைந்தார். "ஏலே, உள்ள பொணம் கெடக்குடா."

ராக்கம்மாள் மகனைத் தடவிப் பார்த்தாள். தலை, தோள், சங்கிலி தடித்த மணிக்கட்டு. பிறகு அவனை விட்டுவிட்டுப் பலவேசத்தின் முன்னால் வந்து நின்றாள். சாபம் விடப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏட்டு குறுக்கே வரப் பார்த்தார். செல்வமணி தடுத்தார்.

"வாத்தியாரய்யா, ஒண்ணு கேக்கணும். அந்த வீரணனப் பெத்தவளுக்கு அவனுக்கு முன்னால எத்தன புள்ள போச்சு?"

அவர் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"தெரியாதும்மா."

"அவ பேரு என்ன?"

பலவேசம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். எந்தப் பாட்டிலும், எந்த ஊரிலும், யாரிடமும் அதை அவர் கேட்டதில்லை. தங்கபாண்டியைப் பார்த்தார். தங்கபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். கஸ்தூரியம்மாளுக்கும் தெரியவில்லை. வீரணனைப் பெற்றவள் வெள்ளைக்கரட்டில் பிறந்த பெண். அவளுடைய சொந்த ஊரிலேயே அவள் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

"அவளுக்காச்சும் அது ஒண்ணு பொழச்சுச்சே," என்றாள் ராக்கம்மாள். மகனைத் திரும்பிப் பார்த்தாள். "வாய்யா. பொழுது சாயுது. ரேகை வைக்கப் போகணும்ல?"

செல்வமணி வாயைத் திறந்தார். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. தாயும் மகனும் வண்டித்தடத்தில் இறங்கி, ஸ்டேஷன் இருந்த திசையில் நடக்கத் தொடங்கினார்கள்.